சேவை நாழியும் மக்ரோனித் தட்டும்

நம் சங்க மலர் என்றால் கல்வெட்டு, செப்பேடு, கோயில், புலவர் வரலாறு என்று அறிஞர் பெருமக்கள் எழுதுவது வழக்கம். அடியேனும் நடுகல், சமணப் படுக்கை என்று எனக்குத் தெரிந்த அளவில் ஆராய்ந்து வந்தவன்தான். இம்முறை ஒரு சாப்பாட்டுப் பண்டத்தின் வரலாற்றை எழுதலாம் என்று துணிந்தேன். மக்ரோனியை வேகவைத்து, தக்காளிக் குழம்பு, பால் குழம்பு, சீஸ் என்று அடுக்கி, ஓவனில் வைத்துச் சுட்டு, தட்டோடு மேசைக்குக் கொண்டுவருகிறார்களே, அந்தப் பண்டம். பிள்ளைகள் அதை ‘பேக்டு பாஸ்தா’ என்கிறார்கள். இதற்கும் தமிழருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நானும் அப்படிக் கேட்டவன்தான். கேட்ட விதம்தான் தப்பாகப் போய்விட்டது. அதனால்தான் இக்கட்டுரை.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வந்தவாசிப் பக்கத்துக் கிராமம். நயினார் குடும்பம், அதாவது தமிழ்ச் சமணர். பல்கலைக்கழகம் சென்று படித்தவன் அல்லன். 1983இல் பெங்களூருக்கு வந்து தரகுப்பேட்டையில் ரவை, மைதா, சேமியா மொத்த வியாபாரத்தில் கணக்கு எழுதினேன். பிறகு சொந்தமாகக் கடை வைத்தேன். இப்போது யஷ்வந்த்புர யார்டில் மகன் பார்த்துக்கொள்கிறான். படிப்பெல்லாம் கடை சாத்திய பிறகு படித்ததுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை

எங்கள் வீட்டில் சில கட்டுப்பாடுகள் உண்டு. புலால், முட்டை கிடையாது. வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட் முதலான மண்ணுக்கடியில் விளைபவை கிடையாது. பொழுது சாய்ந்த பிறகு சாப்பாடு கிடையாது. இராவுணவு விலக்குவதைச் சமந்தபத்திரரின் ரத்னகரண்டக சிராவகாசாரம் இல்லறத்தார் ஏறும் படிகளில் ஆறாவதாக வைக்கிறது. அந்நூலின் வழியில் தமிழில் எழுந்ததே அருங்கலச்செப்பு. ஊரில் இவற்றைக் கடைப்பிடிப்பது பெரிய காரியமில்லை. பெங்களூரில்? மகனும் மருமகளும் அலுவலகத்திலிருந்து ரிங் ரோடு நெரிசலைத் தாண்டி வீடு வர எட்டு மணி. ஆகவே எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பொழுதோடு சாப்பிடுவது ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான்.

2012இல் அப்படி ஒரு ஞாயிறு. பேத்திக்கு ஆறு வயது. மருமகள் மத்தியானமெல்லாம் அடுப்பங்கரையில் நின்று, ஐந்து மணிக்கு ஒரு கண்ணாடித் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். மேலே பொன் நிறமாகப் பொரிந்திருந்தது. “என்னம்மா இது?” என்றேன். “மக்ரோனி மாமா, ஓவன்ல வெச்சது” என்றாள்.

அன்று என் வாயில் வந்ததை அப்படியே எழுதுகிறேன். “பார்க்கப் புழு மாதிரி இருக்குது. இது நம்ம சாப்பாடு இல்ல. எனக்கு மோர் சாதம் போதும்” என்று எழுந்துவிட்டேன்.

அப்போது என் தாயார் இருந்தார்கள். எண்பதை நெருங்கிய வயது. நான் எழுந்துபோன பின் மருமகளிடம் மூன்றே கேள்விதான் கேட்டார்களாம். “கெழங்கு போட்டியா? முட்டை இருக்குதா? பொழுது இன்னும் இருக்குதில்ல?” மூன்றுக்கும் சரியான பதில் வந்ததும், “போடு” என்று வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, “பல்லு இல்லாதவளுக்கு மெத்துன்னு இருக்குது” என்றார்களாம். இது எனக்கு வெகுகாலம் தெரியாது. மருமகள் அதற்குப் பிறகு அந்தத் தட்டை எடுக்கவே இல்லை. பிள்ளைகள் வளர வளர வெளியிலிருந்து வரவழைத்து, இரவு பத்து மணிக்குத் தங்கள் அறையில் சாப்பிடப் பழகினார்கள். ‘நம்ம சாப்பாடு இல்லை’ என்று நான் சொன்ன ஒரு சொல், நம் சாப்பாட்டு நேரத்தையே வீட்டை விட்டு அனுப்பிவிட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த மக்ரோனியை நான் மூட்டை மூட்டையாக விற்றுக்கொண்டிருந்தேன். ஒரு வாய் தின்றதில்லை, அவ்வளவுதான்.

பெயரும் பிறப்பும்

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. எல்லோரும் வீட்டிலேயே. பேத்திக்கு அப்போது பதினான்கு வயது. “தாத்தா, நீங்கதான் எல்லாத்துக்கும் வரலாறு சொல்வீங்களே, மக்ரோனி எங்கேருந்து வந்துச்சு?” என்று ஒருநாள் கேட்டாள். “மார்க்கோ போலோ சீனாவிலிருந்து கொண்டுபோனார்” என்று கேள்விப்பட்டதைச் சொல்லி வைத்தேன். அப்புறம் தேடிப் பார்த்தால் அது தவறு.

மார்க்கோ போலோ நமக்கு அந்நியர் அல்லர். பாண்டிய நாட்டுக்கு வந்து, காயல் துறைமுகத்தைப் பற்றி எழுதிவைத்தவர். அவர் வெனிஸ் நகருக்குத் திரும்பியது 1295இல். ஆனால் ஜெனோவா நகரில் 1279இல் எழுதப்பட்ட ஒருவரின் சொத்துப் பட்டியலிலேயே ஒரு கூடை மக்ரோனி இடம்பெற்றிருக்கிறது. அப்படியிருக்க இவர் எப்படிக் கொண்டுபோயிருக்க முடியும்? இந்தக் கதை பரவியதற்குப் பெரிய காரணம் அமெரிக்க மக்ரோனி வியாபாரிகளின் சங்கப் பத்திரிகை 1929இல் வெளியிட்ட ஒரு கற்பனைக் கதை. வியாபாரிகள் கதை கட்டினால் நிற்கும் என்பதற்கு இது ஒரு சான்று!

உண்மையான சான்று இன்னும் முந்தையது. சிசிலித் தீவின் அரசர் இரண்டாம் ரோஜரிடம் பணிபுரிந்த அராபியப் புவியியல் அறிஞர் அல் இத்ரிசி, 1154இல் முடித்த தம் நூலில், பலெர்மோ நகருக்குக் கிழக்கே உள்ள திராபியா என்ற ஊரில் ‘இத்ரியா’ என்ற உலர்ந்த மாவு இழை ஏராளமாகச் செய்யப்பட்டதையும், அது கப்பலேறி இஸ்லாமிய நாடுகளுக்கும் கிறித்தவ நாடுகளுக்கும் போனதையும் குறிப்பிடுகிறார். நான் வியாபாரி. எனக்கு இந்த இடம்தான் முக்கியமாகப் பட்டது. காய்ந்த இழை கெடாது, எடை குறைவு, கப்பலுக்கு ஏற்ற சரக்கு. சேமியா வியாபாரத்தின் அடிப்படையே இதுதானே!

1300ஐ ஒட்டி எழுந்த ‘லிபர் தெ கோகுவினா’ என்ற லத்தீன் சமையல் நூலில் லசான்யா வருகிறது. வேகவைத்த மாவுத் தகடும் துருவிய சீஸும் மசாலாப் பொடியும் அடுக்கடுக்காக வைக்கும் முறை அது. நம் மக்ரோனித் தட்டின் பாட்டி அவள்தான். தக்காளி அப்போது ஐரோப்பாவிலேயே இல்லை. அது அமெரிக்கக் கண்டத்துக் காய். தக்காளிச் சாறு எழுத்தில் வருவது 1690களில் நேப்பிள்ஸ் நகரில். மக்ரோனியோடு அது சேர்ந்து அச்சில் வர இன்னும் நூறு ஆண்டு ஆயிற்று. ஆக, இத்தாலிக்காரர் தட்டிலும் பாதிச் சரக்கு வெளியூரிலிருந்து வந்ததே. நம் சாம்பாரில் மிளகாய் இருப்பதைப் போலத்தான்.

ஒரு விஷயம். வெர்மிசெல்லி என்ற இத்தாலியச் சொல்லுக்கு ‘சின்னப் புழுக்கள்’ என்று பொருள். நான் அன்று மேசையில் சொன்ன வசையை, அதைக் கண்டுபிடித்தவர்களே செல்லப் பெயராக வைத்திருக்கிறார்கள்! ஐம்பது வருடமாகப் பாயசத்தில் அந்தச் சின்னப் புழுவைத்தானே குடித்து வந்திருக்கிறேன் என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது.

நம் பக்கத்து இழை

இனி நம் பக்கம் வருவோம். அரிசி மாவைப் பிழிந்து இழையாக்கும் கலை நமக்குப் புதிதன்று. இடியாப்பம், சேவை, கொங்கு நாட்டில் சந்தகை, மலையாளத்தில் நூல்புட்டு, இங்கே பழைய மைசூர்ப் பகுதியில் ஒத்து சாவிகெ. எல்லாம் ஒரே குடும்பம். என் தாயார் சீதனமாகக் கொண்டுவந்த பித்தளைச் சேவை நாழி இன்றும் எங்கள் பரணில் இருக்கிறது. துளைத்தட்டு ஒன்று, அழுத்தும் கட்டை ஒன்று. மக்ரோனி ஆலையில் இருப்பதும் அடிப்படையில் இதே அமைப்புத்தான். அங்கே திருகுக் கம்பி மாவைத் தள்ளுகிறது. துளையின் நடுவில் ஒரு ஊசி நிற்பதால் இழை குழாயாக வருகிறது. உயர்ந்த ரகத்துக்கு இன்றும் வெண்கல அச்சுத்தான். வெண்கலம் இழையின் மேனியைச் சொரசொரப்பாக்கும். அதில்தான் குழம்பு ஒட்டும்.

கோதுமை இழையும் நம் நாட்டு ஏட்டில் உண்டு. 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பாவப்பிரகாசம் என்ற ஆயுர்வேத நூல் ‘சேவிகா’ என்ற உணவைச் சொல்கிறது. கோதுமை மாவைத் திரித்து, யவம் அதாவது வாற்கோதுமை மணி அளவுக்குச் செய்து உலர்த்தி, பாலில் வேகவைத்து, நெய்யும் சர்க்கரையும் சேர்த்து உண்பது. இத்தாலியில் ‘ஓர்சோ’ என்று ஒரு பாஸ்தா உண்டு. அச்சொல்லுக்கும் வாற்கோதுமை என்றே பொருள். வடிவமும் அதுவே. ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்தார் என்று நான் சொல்லவில்லை. மாவும் வெயிலும் இருக்கும் ஊரில் மனிதன் கை ஒரே மாதிரிதான் வேலை செய்திருக்கிறது. நேப்பிள்ஸ் பக்கத்துத் தெருக்களில் மூங்கில் கழிகளில் இழைகளை உலர்த்திய பழைய படங்களைப் பார்த்தால், நம் ஊர்ச் சேமியாக் கம்பெனி முற்றம் என்றே தோன்றும்.

நாம் குடியேறியிருக்கும் இந்தக் கன்னட நாட்டில் சமையலை எழுதிவைத்தவர்களில் சமணர் முன்னிற்கின்றனர் என்பதும் ஈண்டு நோக்கத்தக்கது. 1025ஐ ஒட்டி இரண்டாம் சாவுண்டராயர் எழுதிய லோகோபகாரம் உழவு, நீர்நிலை, கால்நடை மருத்துவம் ஆகியவற்றோடு சமையலையும் பேசுகிறது. சிரவணபெளகொளாவில் பாகுபலி சிலையை எழுப்பிய சாவுண்டராயர் வேறு, இவர் வேறு. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்லஹள்ளியை ஆண்ட மூன்றாம் மங்கரசர் சூபசாஸ்திரம் என்று ஒரு முழு நூலையே செய்யுளில் பாடினார். அனைத்தும் சைவ உணவே. மாவுப் பண்டங்களுக்குத் தனியே ஓர் அத்தியாயம். ஒரு சிற்றரசர், சமணர், மாவு பிசைவதைப் பாட்டில் எழுதுவதைக் கௌரவக் குறைவாக நினைக்கவில்லை. நானோ ஒரு ரவை வியாபாரி. மருமகள் வைத்த தட்டைப் பார்த்து முகம் சுளித்தேன்.

சமைத்தது யார்?

மக்ரோனி நம் பக்கம் எப்படி வந்தது? கப்பலில், ஆங்கிலேயர் வழியாக. இங்கிலாந்தில் எலிசபெத் ரஃபால்ட் என்ற பெண்மணி 1769இல் வெளியிட்ட சமையல் நூலில் பார்மெசான் சீஸ் சேர்த்த மக்ரோனி இருக்கிறது. நூறாண்டு கழித்துச் சென்னைக்கு வருவோம். சென்னை ராணுவ அதிகாரியான கென்னி ஹெர்பர்ட், ‘வைவர்ன்’ என்ற புனைபெயரில் எழுதிய சமையல் நூல் 1878இல் இங்கேயே அச்சானது. அதில் மக்ரோனியும் சீஸும் பேசப்படுகின்றன. நூல் முழுக்க ஒரு பெயர் திரும்பத் திரும்ப வருகிறது: ராமசாமி. அது ஓர் ஆளின் பெயரன்று. துரைமார் வீட்டுக் குசினியில் வேலை செய்த தமிழ்ச் சமையற்காரர் அனைவருக்கும் அவர் வைத்த பொதுப்பெயர். துரை நாற்காலியில் உட்கார்ந்து எழுதினார். விறகடுப்பின் புகையில் நின்று அதைச் செய்து காட்டியவர் ராமசாமி.

பெங்களூரிலும் அப்படியே. 1809இல் அல்சூர்ப் பக்கம் கன்டோன்மென்ட் அமைந்தபோது, சென்னைப் படைகளோடு சிப்பாய், கொத்தனார், தோட்டக்காரர், பட்லர், குசினிக்காரர் என்று நம் மக்கள் வந்தார்கள். அல்சூர், சிவாஜிநகர், ஃபிரேசர் டவுன் என்று நாம் இன்றும் தமிழ் கேட்கிற தெருக்கள் அவர்கள் உண்டாக்கியவை. இந்த ஊரில் சீஸும் வெண்ணெயும் ரொட்டியும் பழகியதிலும் தமிழர் பங்கு உண்டு. நீலகிரி மலையில் 1905இல் வெண்ணெய் வியாபாரமாகத் தொடங்கிய ஒரு முதலியார் குடும்பம் 1936இல் பிரிகேட் ரோட்டில் நீல்கிரீஸ் கடையைத் திறந்தது பலருக்கும் தெரிந்ததே. கடை வைத்தவர் பெயர் நிற்கிறது. ஆனால் இந்த ஊரில் முதல் மக்ரோனித் தட்டைச் சுட்டு இறக்கிய தமிழ்க் குசினிக்காரர் பெயர் எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

கடல் கடந்தும் இதே கதைதான். அமெரிக்க அதிபர் தாமஸ் ஜெபர்சன் 1802 பிப்ரவரியில் கொடுத்த ஒரு விருந்தில் மக்ரோனி ‘பை’ வைக்கப்பட்டது. விருந்துக்கு வந்த மனாசே கட்லர் என்பவர் அதை எழுதிவைத்திருக்கிறார். உள்ளே இருப்பது வெங்காயம் என்று அவர் சந்தேகப்பட்டாராம். ருசியும் பிடிக்கவில்லையாம். பக்கத்திலிருந்தவர், “வெங்காயமே இல்லை, மாவும் வெண்ணெயும்தான்” என்று விளக்க வேண்டியிருந்தது. இதைப் படித்தபோது, வெங்காயம் இருக்குமோ என்று தட்டைச் சந்தேகமாகப் பார்த்த ஆள் நான் மட்டும் அல்ல என்று தெரிந்தது! ஜெபர்சன் வீட்டுக்குப் பிரெஞ்சுச் சமையலைக் கொண்டுவந்தவர் ஜேம்ஸ் ஹெமிங்ஸ் என்ற கறுப்பின அடிமை. 1784இல் எசமானரோடு பாரிஸ் போய்த் தொழில் கற்றவர். 1796இல் விடுதலை பெற்று 1801இல் இறந்துபோனார். மக்ரோனி என்றால் அமெரிக்காவில் ஜெபர்சன் பேரைத்தான் சொல்வார்கள்.

உண்டவன் பெயரை வரலாறு எழுதும். சமைத்தவர் பெயரை எழுதாது. இதை எழுதும்போதுதான் என் வீட்டு மேசை கண்முன் வந்தது. நான் உண்ணக்கூட இல்லை. சமைத்தவளை அவமானப்படுத்திவிட்டு எழுந்தேன்.

மைசூர் மக்ரோனியும் ரவை ரகசியமும்

நம் அருகிலேயே நடந்த ஒரு வரலாறும் உண்டு. மைசூரில் 1950இல் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. நாட்டில் அரிசித் தட்டுப்பாடு கடுமையாக இருந்த அந்தப் பத்தாண்டில், டாக்டர் வி. சுப்ரமணியன் தலைமையில் அங்கே மரவள்ளி மக்ரோனி உருவாக்கினார்கள். மரவள்ளி மாவு, எண்ணெய் எடுத்த நிலக்கடலை மாவு, கோதுமை ரவை மூன்றும் சேர்ந்தது. வெறும் மரவள்ளியில் புரதம் குறைவு. கடலையும் கோதுமையும் அதை ஈடுகட்டின. மரவள்ளியை நம்பி வாழ்ந்த கேரளத்து ஏழை மக்களுக்காகச் செய்யப்பட்ட ஆராய்ச்சி இது. துரை வீட்டுப் பண்டம் பசித்தவன் வீட்டுக்குப் போக எடுத்த முயற்சி என்று இதைச் சொல்லலாம். எங்கள் வீட்டு விதிப்படி மரவள்ளி கிழங்கு, ஆகாது. ஆனாலும் பசித்தவனுக்கு உணவு தேடிய அந்த வேலையைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

இப்போது என் தொழில் ரகசியம் ஒன்று. மக்ரோனி வாங்கும்போது நிறத்தைப் பாருங்கள். லேசான தேன் மஞ்சளாக, கண்ணாடி போல இருந்தால் அது டூரம் கோதுமை. தரகுப்பேட்டையில் ‘பன்சி ரவை’ என்று கேட்டு வாங்கி இங்கே உப்புமா கிண்டுகிறோமே, அதுவும் டூரம்தான். இந்தக் கோதுமை கல் போலக் கடினம். இதன் பசைப் புரதம் மாவுச்சத்தைக் கட்டிப் பிடித்துக்கொள்வதால் வெந்தாலும் குழையாது. சாதா ரவையிலும் மைதாவிலும் செய்தது வெளுத்திருக்கும். கொதிக்கும் தண்ணீர் கஞ்சி போலக் கலங்கினால் சரக்கு மட்டம் என்று அர்த்தம். ஓவனில் போனால் அது களியாகிவிடும். நாம் சாப்பிடும் சம்பா கோதுமை, கன்னடத்தில் ஜவே கோதி, டூரத்துக்கு நெருங்கிய உறவு. தார்வாட் வேளாண் பல்கலைக்கழகம் அதில் புதிய ரகங்களை வெளியிட்டிருக்கிறது.

எங்கள் வீட்டு முறை

ஊரடங்கின்போது ஒருநாள் மருமகளிடம் போய், “அம்மா, அந்த மக்ரோனியை எனக்குக் கத்துக் கொடு” என்றேன். அவள் உடனே ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “நெஜமாவா மாமா? அன்னிக்கு ஆயா கேட்ட மூணு கேள்வியையும் வெச்சே செய்யலாம்” என்றாள். என் தாயார் 2016இல் காலமாகிவிட்டார்கள். அந்த மூன்று கேள்வியின் கதையை நான் கேட்டது அன்றுதான். அறுபது தாண்டியவன் அடுப்பு முன் முதல் முறையாக நின்றேன்.

எட்டுப் பேருக்கு அளவு இது. டூரம் மக்ரோனி 400 கிராம், பழுத்த தக்காளி 1 கிலோ, பரங்கிக்காய் அரைக் கிலோ, பச்சைப் பட்டாணி ஒரு கிண்ணம், குடமிளகாய் 2, பீன்ஸ் ஒரு கைப்பிடி, பால் முக்கால் லிட்டர், வெண்ணெய் 60 கிராம், மைதா 60 கிராம், சீஸ் 200 கிராம்.

சீஸில் ஒரு எச்சரிக்கை. பாலைத் திரிக்க மரபாகக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னெட் சேர்ப்பார்கள். இத்தாலியின் அசல் பார்மெசானில் இன்றும் அதுவே விதி. நுண்ணுயிரிலிருந்து எடுக்கும் ரென்னெட்டும் உண்டு. பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்து, பொட்டலத்தில் எழுதியிருப்பதையும் படித்துவிட்டு வாங்குங்கள். மக்ரோனியிலும் முட்டை சேர்த்த ரகம் உண்டு, அதையும் பாருங்கள்.

முதலில் தக்காளியையும் பரங்கிக்காயையும் வேகவைத்து மசித்துக்கொள்ள வேண்டும். வெங்காயம் கொடுக்கும் இனிப்பைப் பரங்கிக்காய் கொடுத்துவிடும். நெய்யில் பெருங்காயம், ஓமம், கீறிய பச்சை மிளகாய் தாளித்து, பட்டாணி, பீன்ஸ், குடமிளகாய் வதக்கி, மசித்ததை ஊற்றி, உப்பு, மிளகுத்தூள் போட்டுச் சுண்டவிட வேண்டும். ‘ஓரிகானோ’ என்று கடையில் விற்பதற்குப் பதில் மாடித் தொட்டியில் இருக்கும் கற்பூரவல்லி நாலு இலையை நறுக்கிப் போடுகிறாள் மருமகள். இரண்டுக்கும் வாசனை தருவது கார்வக்ரால் என்ற ஒரே எண்ணெய்ப் பொருள்தான்.

அடுத்தது பால் குழம்பு. வெண்ணெயை உருக்கி, மைதாவைச் சிறுதீயில் பச்சை வாசனை போகும் வரை வறுத்து, பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கட்டி தட்டாமல் கிளற வேண்டும். கரண்டியின் முதுகில் படியும் பதம் வந்ததும் பாதிச் சீஸைச் சேர்த்து இறக்க வேண்டும்.

மக்ரோனியை 4 லிட்டர் உப்புத் தண்ணீரில், பொட்டலத்தில் போட்ட நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்னதாகவே வடித்துவிட வேண்டும். முழுதாக வெந்தால் ஓவனில் குழைந்துவிடும். குழம்பைக் குடித்து மீதி வேக்காட்டை அது அங்கே முடித்துக்கொள்ளும். நான் முதல் தடவை செய்தபோது வியாபார புத்தி, நன்றாக வேகட்டும் என்று விட்டேன். வந்தது மக்ரோனிக் கூழ். பேத்தி, “தாத்தா, கரண்டியாலயே குடிக்கலாம்” என்றாள்.

தட்டில் தக்காளிக் குழம்பு கலந்த மக்ரோனி, அதன்மேல் பால் குழம்பு, மறுபடி மக்ரோனி, மறுபடி பால் குழம்பு, உச்சியில் மீதிச் சீஸ். சூடேறிய ஓவனில் 190 டிகிரியில் 25 நிமிடம். மேலும் கீழும் ஒருசேரச் சூடு படவேண்டும், அதுதான் சூட்சுமம். ஓவன் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தம் போடுகிறவர்கள் மூடிமேல் தணல் அள்ளிப் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே முறைதான். எடுத்த பின் பத்து நிமிடம் ஆறவிட்டால்தான் துண்டு நன்றாக வரும்.

எல்லாவற்றையும் பொழுதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுகிறோம். பெங்களூரில் டிசம்பரில் ஆறு மணிவாக்கிலேயே பொழுது சாய்கிறது. ஐந்தேகாலுக்கு உட்கார வேண்டுமென்றால், நாலரைக்குத் தட்டு உள்ளே போக வேண்டும், மூன்றேகாலுக்கு அடுப்பு பற்ற வேண்டும். ஆனி, ஆடியில் இன்னும் முக்கால் மணி நேரம் கிடைக்கும்.

நிறைவாக

இப்போது மாதத்தில் ஒரு ஞாயிறு எங்கள் வீட்டில் மக்ரோனித் தட்டு. மற்றொரு ஞாயிறு பரணிலிருந்து சேவை நாழி இறங்கும். நாழியை அழுத்துவது பேரனின் வேலை, ஓவனைப் பார்ப்பது என் வேலை. பேத்தி கல்லூரிக்குப் போகிறாள். வாரநாளில் அவள் இரவில் சாப்பிடுவதை நான் தடுக்க முடியவில்லை. ஆனால் ஞாயிறு ஐந்து மணிக்கு வந்து உட்கார்ந்துவிடுகிறாள், சில நாள் தோழிகளையும் கூட்டிக்கொண்டு.

வெளிமாநிலத்தில் வாழும் நாம் எது நம்முடையது, எது பிறருடையது என்று அடிக்கடி கேட்டுக்கொள்கிறோம். கேட்க வேண்டியதுதான். ஆனால் பண்டம் எந்த ஊரில் பிறந்தது என்ற கேள்வியால் அதற்கு விடை கிடைக்காது என்பது நான் தேடித் தெரிந்துகொண்டது. எல்லாப் பண்டமும் ஊர் ஊராக நடந்து வந்ததுதான். நாம் கடைப்பிடிக்கும் எல்லை என்ன, யார் சமைத்தார்கள், யாரெல்லாம் சேர்ந்து உட்கார்ந்தார்கள் என்பதே கேட்க வேண்டியது. படிக்காத என் தாயார் அதை மூன்றே கேள்வியில் முடித்துவிட்டு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். படித்த நான் எட்டு வருடம் கழித்துத்தான் உட்கார்ந்தேன்.

மருமகளிடம் நான் வாய்விட்டு மன்னிப்புக் கேட்டதில்லை. நம் தலைமுறை ஆண்களுக்கு அது வருவதில்லை. இந்த மலர் வீட்டுக்கு வந்ததும் அவள் படிப்பாள். அதற்காகவே இதை எழுதினேன்.

வாழ்க தமிழ்! வளர்க சங்கம்!